கையுறைக் கம்பெனி வாசலில் பெரட்டு

1

கோல சிலாங்கூர் சர்க்கார் கிளினிக்கில் போன வாரம் ஒரு கூட்டத்தையே சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். என் மருமகள் சரோஜாவின் இடது கையைக் காட்டப் போயிருந்தோம். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்போம். அந்த மலாய்க்கார மிஸ்ஸி மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவினாள். உருவிய வேகத்தில் இன்னொன்றும் கூடவே வந்து தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். எடுத்த கை சும்மா இருக்குமா? வாய்ப்பக்கத்தைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றிக் காற்றை அடைத்து, உப்பிய உறையைக் கன்னத்தருகே கொண்டுபோனேன். கட்டைவிரல் இடுக்கிலிருந்து ஊசி முனையளவு காற்று வந்து பட்டது.

"ஓட்ட" என்றேன்.

மிஸ்ஸிக்குக் கோபம். "இது விளையாட்டுச் சாமானா, மாச்சிக்?" என்று மலாயில் கேட்டாள். மாச்சிக் என்றால் பெரியம்மா. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்களுக்காகப் பேச வந்த பேத்தி கவிதா முகத்தைப் பள்ளிக்கூடப் பையால் மறைத்துக்கொண்டாள்.

"பாட்டி, ஸ்டாப் லா. மாலு." மாலு என்றால் வெட்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெட்கம்கூட மலாயில்தான் வருகிறது.

"மாட்டியிருக்குறது நல்லதான்னு பாக்கச் சொல்லுடி."

அவள் சொல்லவில்லை. மிஸ்ஸி நான் ஊதியதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சரோஜாவின் கையைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான் துறையூரிலிருந்து என் தம்பி கதிரேசனின் கடிதம் வந்திருந்தது. அவன் மகன் செல்வம் கோயம்புத்தூரில் பம்பு செட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் முதல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கம்பெனி ஆட்டம் கண்டிருக்கிறதாம். பையன் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறானாம். "அக்கா, நம்ம குடும்பத்தில் கம்பெனியில் வேலை பார்த்த பொம்பளை நீ ஒருத்திதான். பொறுமையாக இருக்கச் சொல்லி அவனுக்கு நாலு வார்த்தை எழுது" என்று கேட்டிருந்தான். என்ன சொல்வதென்று வாரம் முழுக்க வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தேன். கன்னத்தில் அந்தக் காற்று பட்டதும் தெரிந்துவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், சரோஜா எழுதுகிறாள். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை போனவள். வலது கை நன்றாக இருக்கிறது.

"நீங்க பேசுற மாதிரியே எழுதுனா ஊருல சிரிப்பாங்க அத்தை. நான் புஸ்தகத் தமிழ்ல போட்டுடறேன்."

"போடு. என்னையத் திட்டுன எடம் வந்தா மட்டும் கூட்டி எழுதாத."

"கூட்டுறதுக்கு என்ன இருக்கு? நான் திட்டுனது எல்லாமே முழுசாத்தான் இருக்கு."

ஊரில் வெளிநாட்டுக் கடிதம் வந்தால் டீக்கடையில் வைத்து எல்லோரும் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்குமாகவே சொல்கிறேன்.

2

இப்போது என் பேர் சரோஜா. சிரிக்காதீர்கள்.

விடியும் முன்னே எஸ்டேட் ஆபீஸ் முன்னால் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிடுவார், "இருக்கேன்" என்றவளுக்கு அன்றைக்கு வேலை உண்டு. மழை கொட்டி வேலையே இல்லாத நாளிலும் போய் நிற்க வேண்டும். நின்றவளைத்தான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். படுத்திருந்தவள் பேர் மெல்ல மெல்ல அழிந்துவிடும். நான் இந்த மண்ணில் கால் வைத்த மறுநாள் என் மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. சாமி கும்பிட மறந்தாலும் பெரட்டை மறக்காதே என்பாள்.

"சரோஜா" என்று மண்டோர் கோவிந்தன் கூப்பிடுகிறார். "இருக்கேன்" என்று நான் சொல்கிறேன். முதல் நாள் டார்ச் லைட்டை முகத்தில் அடித்துப் பார்த்தார்.

"என்னா இது, ஒரே ராத்திரியில சரோஜாவுக்குத் தலை நரைச்சுப் போச்சு?"

"கவலை மண்டோரே. மாமியா கொடுமை."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டோர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மருந்து டின்னு முதுகுல ஏறுனா தண்ணிப் பானை மாதிரி கனக்கும் பாட்டி. தூக்குவியா?"

"ஓங்கப்பன் கிட்ட கேளு, நான் என்னென்ன தூக்குனேன்னு."

"சரி சரி. புதுக் கிராணி வந்தா பின்வரிசைக்குப் போயிரு. நான் ஒன்னையப் பாக்கல." கிராணி என்றால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை.

இங்கே எஸ்டேட் கொடுக்கிற லயத்து வீடு வேலை செய்கிறவர் பேரில்தான் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். என் மகன் முனியாண்டி ஜொகூரில் லோரி ஓட்டுகிறான். தீபாவளிக்கு முகம் காட்டுவான், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டுப் பெட்டி வாங்கி வருவான், போய்விடுவான். இந்த வீடு சரோஜாவின் பேரில் இருக்கிறது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை அவளுக்கு. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கிளினிக்கில் டாக்டர், இரண்டு வாரம் அந்தக் கையை மருந்துப் பக்கமே கொண்டுபோகாதே என்றார். இரண்டு வாரம் பெரட்டில் ஆள் இல்லை என்றால் பேரை அடித்துவிடுவார்கள். பேரை அடித்தால் அவளும் நானும் இரண்டு பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே நான் நிற்கிறேன். மத்தியானம் வந்து குளித்துச் சோறு தின்றுவிட்டு, இடுப்பில் சூட்டுத் துணியை வைத்துக்கொண்டு உங்களோடு பேசுகிறேன்.

3

செல்வம், உன் தாத்தா தோண்டிய கிணற்றைப் பற்றி உன் அப்பன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவன் அப்போது கைக்குழந்தை.

எங்களுக்கு இருந்தது ஒரு துண்டு மேட்டுக்காடு. அதில் என் அப்பா கிணறு வெட்டினார். கொஞ்சம் மண், அப்புறம் சுக்கான்கல், அதற்குக் கீழே ஒரே பாறை. வெடி வைத்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் "இன்னும் ஒரு முழம்" என்பார். ஒரு முழத்துக்கு ஆட்டுக்குட்டிகள் போயின. ஒரு முழத்துக்கு அம்மாவின் தோடு போனது. எனக்கென்று எடுத்து வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொரு முழமாக உள்ளே இறங்கியது. கடைசியில் காட்டையே பக்கத்துக் காட்டுக்காரருக்கு விற்றார். அந்த மனிதர் அதே கிணற்றில் ஒரு முழமோ ஒன்றரை முழமோ வெட்டினார். தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது.

அப்பா போய் எட்டிப் பார்த்தார். அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிக்கக்கூட இல்லை. சாகும்வரை ஊர் அவரை "ஒரு முழத்துல விட்டவன்" என்றது.

நகை நட்டு எதுவும் கேட்காத மாப்பிள்ளை மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்தார். என்னைக் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அழவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கப்பலைப் பார்த்த சந்தோஷத்தில் அழுகை வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். எதையும் கடைசி முழத்தில் விடக்கூடாது.

அந்த முடிச்சு என்ன செய்தது என்று கேள்.

4

ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ரப்பர் கைக்குழந்தை மாதிரி, தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் எங்களைப் போன்ற பொம்பளைகளுக்கு வேலை இருந்தது. செம்பனை மாமியார் மாதிரி, தானாக நிற்கும், கனமாகக் கேட்கும். (இதை எழுதும்போது சரோஜாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும்.) பால் வெட்டுகிற ஆட்களை ஒவ்வொரு குடும்பமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பழைய கிராணியாரின் மகன் பாஸ்கரன் அப்போதுதான் டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். கோலாலம்பூரில் பெரிய வேலையை விட்டுவிட்டு, பேங்கில் கடன் வாங்கி, எஸ்டேட் ஓரத்தில் பூட்டிக் கிடந்த பழைய ரப்பர் புகைக்கூடத்தில் கம்பெனி போடப் போவதாகச் சொன்னார்.

"ஏதோ புது நோயாம் அக்கா. ஒலகத்துல இருக்குற டாக்டர், நர்ஸு எல்லாம் கிளவுஸ் கிளவுஸ்னு பறக்குறான். செஞ்சு முடியல. ரப்பர் பால் பழகுன கை நம்மகிட்ட இருக்கு. வேற யாருகிட்ட இருக்கு?"

எங்களை அந்தக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசையாக சிமெண்டுத் தூண்கள் நின்றன. "கம்பெனி கால் ஊனுனதும் கூரை போட்டுடலாம். வேலை செய்றவங்களுக்குச் சொந்தமாவே எழுதிக் குடுத்துடுவேன். மொத வீடு அஞ்சலையக்காவுக்கு."

அது நான்தான். சொந்த வீடு. வேலை போனாலும் போகாத வீடு. எனக்கு அந்தத் தூண்கள்மேல் கூரை அப்போதே தெரிந்தது. ஜன்னல் திரைச்சீலை என்ன நிறம் என்பதுகூடத் தெரிந்தது.

சரோஜா அன்றைக்கே சொன்னாள். "அத்தை, வாய் வார்த்தையில கூரை நிக்காது. நம்ம வீடு உங்க பேர்ல இருக்கு. எஸ்டேட் வேலைய விட்டுறாதீங்க."

"நான் சப்பாத்து மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறது ஒனக்குப் பொறுக்கல."

"சப்பாத்தோட ரோட்டுல நிக்கப் போறோம்."

நான் விட்டேன். ஊரில் பேரன் பேத்தி எடுத்தவள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கும் வயசில், நான் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனேன். நீலக் கோட்டு, தலைக்குக் குல்லா, காலுக்கு வெள்ளை ரப்பர் சப்பாத்து. வாசலில் ஒரு மிஷின் இருந்தது. அட்டையை நீட்டினால் டக்கென்று கடித்துத் துப்பும். நான் வந்ததை அது எழுதிக்கொள்கிறதாம். ஒரு எழுத்தும் தெரியாத எனக்கு இப்படி ஒரு கணக்குப்பிள்ளையா என்று திரும்பத் திரும்ப நீட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

உள்ளே பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும். தொட்டியில் இருக்கிற ரப்பர் பாலில் முங்கி, வெள்ளையாக எழுந்து, அடுப்புக்குள் போய் வெந்து எங்கள் முன்னால் வரும். சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி, இழுத்தும் இழுக்காமலும் கழற்ற வேண்டும். அப்புறம் என்னை ஓட்டை பார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். குழாயில் காற்றை அடைத்து, உறையைக் கன்னத்தருகே மெல்லத் திருப்ப வேண்டும். கண்ணுக்குப் படாத ஓட்டை கன்னத்துக்குப் படும். என்னோடு உட்கார்ந்திருந்த பாக்கியம், "புருஷன் தொடாத கன்னத்தக் காத்தாவது தொடுது" என்பாள்.

நடுவே ஒரு சங்கதி. கம்பெனிக்கு அடையாள அட்டை சரியாக இருக்கவேண்டும் என்று கிள்ளான் பதிவு ஆபீசுக்கு அனுப்பினார்கள். எனக்கு இன்னும் சிவப்பு அட்டைதான், இந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான் நீலம். இத்தனை வருஷம் இந்த மண்ணில் பால் வெட்டியும் அது நீலம் ஆகவில்லை. ஆபீசர் பிறந்த நாள் கேட்டார். மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் என்றேன். என்ன வேலை என்றார். எனக்குத் தெரிந்த மலாயில், கை செய்கிறேன் என்றேன். "கை செய்றது ஆண்டவன் வேலை, மாச்சிக்" என்று சிரித்துவிட்டு, அடுத்த மாதம் வா என்றார். இன்னும் அடுத்த மாதம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி பிறந்ததிலிருந்தே நோஞ்சான் பிள்ளை. ஒருநாள் அடுப்பு பற்றாது. ஒருநாள் பால் தொட்டியில் திரிந்து கட்டியாகிவிடும். நாங்கள் முழங்கை வரை விட்டு அள்ளிக் கொட்டுவோம். முதல் தடவை கப்பலேறிய சரக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. சம்பளம் பாதியாக வரும், சில சமயம் அரிசியாக வரும். பாஸ்கரனும் சும்மா இருந்தவர் இல்லை. எங்களோடு மரவள்ளிக் கிழங்கு தின்றார், சாக்கை விரித்துத் தொட்டிப் பக்கத்தில் படுத்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார் அக்கா" என்று சிரிப்பார். நான் பின்னால் இருக்கும் தூண்களைப் பார்த்துக்கொள்வேன். இன்னும் ஒரு முழம்.

எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லவேண்டிய கிராணியார் பாஸ்கரனின் அப்பா என்பதால், இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனார்.

5

கையுறையில் காசு இருக்கிறது என்று தெரிந்ததும் ஜெராம் முதல் கலும்பாங் வரை கொட்டகை வைத்திருந்தவன் எல்லாம் கையுறை செய்தான். விலை விழுந்தது. எங்களுக்கு ஆர்டர் நின்றது. பாஸ்கரன் எல்லோரையும் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. வேலை வந்ததும் ஆள் அனுப்புறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பாக்கியம் கேட்டாள். "வீட்டுல படுத்திருந்தவளத் தேடிக்கிட்டு எந்தக் காலத்துலடி வேலை வந்துச்சு?"

அவ்வளவுதான். மறுநாள் விடியும் முன்னே நாங்கள் எல்லோரும் நீலக் கோட்டும் குல்லாவுமாகக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். பாஸ்கரன் கைலியும் பல்குச்சியுமாக வெளியே வந்தார். முகம் வெளுத்துப்போனது.

"என்னாக்கா, ஸ்ட்ரைக்கா?"

"அய்யய்யோ, இல்ல தம்பி. பெரட்டு."

"நான் பேர் கூப்பிட மாட்டேனே. வேலை இல்லையே."

"நீங்க கூப்பிட வேணாம். நாங்க நிக்கிறோம்."

பாக்கியமே மண்டோர் மாதிரி இடுப்பில் கை வைத்துப் பேர் கூப்பிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றோம். அவள் பேரை அவளே கூப்பிட்டு அவளே "இருக்கேன்" என்று சொன்னபோது பாஸ்கரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுதார் என்று நினைக்கிறேன்.

தினமும் நின்றோம். மழையிலும் நின்றோம். வேறு ஊர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். எங்களுக்கு அது தெரியாது. நின்றால் பேர் உண்டு என்பது மட்டுமே தெரியும். சரோஜா கேட்டாள், "யாருக்காக அத்தை நிக்கிறீங்க?" நமக்காகத்தான் என்றேன். அன்றைக்கு அதை மனசார நம்பினேன்.

ஒருநாள் காலை பெரிய கார் ஒன்று வந்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். பாஸ்கரன் குளித்து, தலை சீவி, டை கட்டித் தயாராக நின்றார். கேட்டைத் திறந்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார். எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அட்டையைக் கடிக்கக் கொடுத்தோம். சங்கிலி ஓடியது. தொட்டியில் பால் இல்லை. பீங்கான் கைகள் வெறுமனே தொங்கிக்கொண்டு சுற்றி வந்தன.

"உரிக்கிற மாதிரி நில்லுங்க. ஊதிப் பாக்குற மாதிரி பாருங்க" என்று பாஸ்கரன் காதோரம் சொல்லிக்கொண்டு போனார். பழைய உறைகளை எடுத்து ஊதினேன். ஓட்டை என்று எப்போதோ நானே ஒதுக்கியவை. அதிலும் ஒன்றை மும்முரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோட்டுக்காரர்களில் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "எத்தனை காலமா வேலையில நிக்கிறாங்க?" என்று கேட்டார். "தொடக்கத்திலிருந்து இதே ஆளுங்க. ஒருநாள்கூட வராம இருந்ததில்ல. சம்பளம் இல்லாட்டியும் வருவாங்க" என்று பாஸ்கரன் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். சரோஜா குடிக்கவில்லை. அவளுடையதையும் நானே குடித்தேன்.

6

சில நாள் கழித்து லோரிகள் வந்தன. நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பாஸ்கரன் வந்து, "அக்கா, பீங்கான் கைகளைப் பத்திரமா இறக்கி, ஒன்னொன்னையும் பேப்பர்ல சுத்திப் பெட்டியில வைக்கணும். ஒங்களுக்குத்தான் பதமாத் தெரியும்" என்றார். பெரிய இடத்துக்கு மாற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைப்பது போலத் துடைத்துச் சுற்றினோம். ஒரு விரல்கூட உடையவில்லை. அட்டை கடிக்கும் மிஷினையும் நான்தான் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

கடைசி லோரிக்குக் கயிறு கட்டும்போது நான் கேட்டேன். "நாங்க எப்ப தம்பி வரணும், புது எடத்துக்கு?"

அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஷினுதான் அக்கா வித்துருக்கு. மத்த கம்பெனி எல்லாம் இரும்பு வெலைக்குப் போச்சு. நம்மது ஓடுற கம்பெனின்னு நம்பி வாங்கிட்டான். நீங்க எல்லாரும் நின்னீங்க பாருங்க, அதனாலதான் நல்ல வெல கெடச்சுது. பேங்குக் கடன் அடைஞ்சுரும். ஒங்கள மறக்க மாட்டேன்."

நன்றியோடுதான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. ஏமாற்றுகிறவன் முகம் என்றால் துப்பியிருக்கலாம். அந்த முகம் அப்படி இல்லை. ஒருவர் பாராட்டினால் சிரிக்கிற வாய் என்னுடையது. நானும் சிரித்தேன். "நல்லா இருங்க தம்பி" என்று வேறு சொன்னேன்.

நின்றுபோன சம்பளத்துக்காக, விற்க முடியாத இரண்டாம் தரக் கையுறை ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். பாக்கியம் தன் பெட்டியைக் கால்வாயில் எறிந்தாள். வாய்க்கால் நெடுக வெள்ளைக் கைகள் மிதந்து போயின. நான் என்னுடையதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பாஸ்கரன் குடும்பம் கோலாலம்பூருக்குப் போனது. கிராணியாரும் வேலையை விட்டுப் போனார். புதுக் கிராணி வந்த வாரமே, இந்த வீட்டில் எஸ்டேட் ஆள் யாரும் இல்லையே என்று காலி செய்யச் சொன்னார். தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு தூணில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

சரோஜா அன்று என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சேலைக்குமேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். யாரும் வர விரும்பாத மருந்தடிக்கிற வேலைக்குத் தன் பேரைக் கொடுத்தாள். அதனால் கிடைத்ததுதான் இந்தக் கடைசி வீடு, மழைக்கு ஒழுகுகிற வீடு.

"எழுதுனியாடி? திட்டாததையும் எழுதுனியா?"

"எழுதிட்டேன். மேல சொல்லுங்க."

எஸ்டேட்டில் கையுறை கொடுப்பதில்லை. அவள் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து நான் என் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக ஊதி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டை இல்லாத இரண்டைக் கொடுத்தனுப்புவேன். இரண்டாம் தரம்தான். பத்து ஊதினால் ஒன்று தேறும். கை வெந்துபோன அன்றைக்கும் நல்லதாகத்தான் கொடுத்தேன். ஆனால் அது டாக்டர் கைக்குச் செய்தது. நாள் முழுக்க மருந்து டின்னின் பம்புக் கட்டையை அடிக்கிற கைக்குச் செய்தது அல்ல. கட்டைவிரல் இடுக்கில் கிழிந்து, மருந்து உள்ளே இறங்கி, வேர்வையோடு ஊறிக் கிடந்திருக்கிறது. உறையைக் கழற்றியபோது தோலும் கூட வந்தது.

7

செல்வம், உன் அப்பன் பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னான். பொறுமை எனக்குத் தெரியும். மழையில் வரிசையில் நிற்கத் தெரியும். வெறும் சங்கிலிக்கு முன்னால் வேலை செய்கிற மாதிரி நிற்கவும் தெரியும். அதெல்லாம் ஒரு வித்தையே இல்லை, மாடும் நிற்கும்.

உன் தாத்தா ஒரு முழத்தில் விட்டார் என்று ஊர் சிரித்தது. அதைக் கேட்டு வளர்ந்த நான் விடாமல் நின்றேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் தோண்டியது தன்னுடைய கிணறு. வலித்தாலும் அவர் கையில் இருந்த மண் அவருடையது. நான் அடுத்தவர் கிணற்றில் இறங்கித் தோண்டிவிட்டு, தாத்தாவின் பாக்கி முழத்தைத் தோண்டுவதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்காக விட்டுவிட்டு வந்துவிடு என்றும் நான் சொல்ல மாட்டேன். அங்கே உனக்கு எதையாவது சொல்லித் தருகிறார்களா? பம்பைப் பிரித்துப் பூட்ட விடுகிறார்களா, இல்லை வாசலில் நிற்கத்தான் வைக்கிறார்களா? கையில் ஒரு தொழில் ஏறுகிறது என்றால் அரைச் சம்பளத்துக்கும் இரு. அது உன் கிணறு. கம்பெனி போனாலும் கை உன்னோடு வரும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்று பார்க்காதே. நல்லவராகத்தான் இருப்பார்.

"அவ்வளவுதானா?" என்று சரோஜா கேட்கிறாள்.

"அவ்வளவுதான். படிச்ச புள்ள, புரிஞ்சுக்குவான்."

"இங்க ஒன்னு கேக்கணும் அத்தை. அன்னிக்கு யாருக்காக நிக்கிறீங்கன்னு கேட்டேன். இப்ப என் பேருக்கு 'இருக்கேன்'னு நிக்கிறீங்களே, இது யாரு கிணறு?"

"ஒன் பேர்ல இருக்கு. அப்ப ஒன்னோடதுதான்."

"எஸ்டேட்டோடது."

"அது சரி. ஆனா இதுக்குள்ள படுக்குறது நம்ம புள்ளைங்க."

அவள் கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது அந்தக் கை ஆற. அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவார்களா என்று மண்டோருக்கும் தெரியவில்லை. கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பாட்டுப் பெட்டியின் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் நாங்கள் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். பையைத் திறந்து எதையோ எடுத்து என் மடியில் போட்டாள். மூன்று கையுறைகள், புதுசு.

"எங்கருந்துடி?"

"மிஸ்ஸிகிட்ட கேட்டேன். கிளினிக் போய் மறுபடியும். பாட்டிக்குத் தாங்க, ப்ளீஸ்னு கேட்டேன். மாலு லா, ஆனா கேட்டேன்."

என் கையுறைப் பெட்டியின் அடியில் இனி தேறுவது ஒன்றும் இல்லை என்று நேற்றே தெரியும் எனக்கு. ஒரு உறையை எடுத்தேன். சுழற்றிக் காற்றை அடைத்தேன். அது ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு உப்பியது. கன்னத்தருகே வைத்து மெல்லத் திருப்பினேன். சுண்டு விரல், மோதிர விரல், கட்டைவிரல் இடுக்கு. கவிதா காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னத்தில் ஒன்றும் படவில்லை. நாளைக்கு மருந்தடிக்க ஆகும்.